அங்கெல்லாம் பார்த்தாச்சு

வேலூர்ப் பக்கம் எந்த ஊரிலாவது ஒருவர் காணாமல் போய்விட்டால், தேட வருகிறவர்களின் காதில் முதலில் விழுவது ஒரே பதில்தான்: "அங்கெல்லாம் பார்த்தாச்சு." கிணறு பார்த்தாச்சு, ஏரி பார்த்தாச்சு, பஸ் ஸ்டாண்டு பார்த்தாச்சு. சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. பைக்கில் பெட்ரோல் தீரும்வரை சுற்றியிருப்பார், தொண்டை கட்டும்வரை கத்தியிருப்பார், சாப்பிடாமல் நின்றுகொண்டிருப்பார். அவர் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் தேடல் பயிற்சிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது இந்தப் பதில்தான். யார் பார்த்தார்கள்? எந்த வெளிச்சத்தில்? எங்கே நின்று? காணாமல் போனவர் என்ன சட்டை போட்டிருந்தார், கூப்பிட்டால் பதில் சொல்வாரா என்று தெரிந்துகொண்டு பார்த்தார்களா? இதற்கெல்லாம் பதில் இல்லாத ஓர் இடத்தை, தேடி முடித்த இடமாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

நான் காட்பாடியில் கணக்கு டீச்சர். மீட்புப் பணிக்கும் எனக்கும் 2021 நவம்பர் வரை எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த மாதம் பாலாறு ஓடிய ஓட்டத்தை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனார்கள். அந்த வாரம் பாலாற்றங்கரைத் தெருக்களில் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். பொட்டலம் கட்டத் தெரிந்த கை நிறைய இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆள்தான் குறைவு. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிறு குழு சேர்ந்தது: கல்லூரிப் பையன்கள், ஒரு நர்ஸ், ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற இரண்டு அக்காக்கள், நான். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணம் பக்கத்தில் தக்கோலத்தில்தான் இருக்கிறது. புயல், வெள்ளம், கட்டட இடிபாடு என்றால் தமிழ்நாடு முழுக்க 'அரக்கோணத்திலிருந்து வீரர்கள் விரைந்தனர்' என்று செய்தி வரும். அவர்களின் வேலை எனக்குப் பெரிய மரியாதைக்குரியது. ஆனால் வீடு இடிந்தால் அது எந்த வீடு என்று தெரியும். வெள்ளத்தில் சிக்கியவர் எந்த மாடியில் நிற்கிறார் என்று தெரியும். போய்ச் சேர்வதும் வெளியே எடுப்பதும்தான் சிரமம். ஒரு பெரியவர் மத்தியானம் வீட்டைவிட்டு இறங்கி நடந்து போய்விட்டால், எங்கே போவது என்பதே தெரியாது. தேடல் என்பது மீட்புக்கு முன்னால் வருகிற தனி வேலை. அதற்குப் படை வருகிறவரை காத்திருக்க முடியாது; பெரும்பாலும் அதற்கெல்லாம் படை வருவதுமில்லை. உள்ளூர் போலீஸும் ஊர்க்காரர்களும்தான் எல்லாம்.

ஏரி உள்வாயில் ஒரு காலை

கயிறு, முடிச்சு, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற முதலுதவி எல்லாம் முதலிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வடிவ முடிச்சுப் போடக் கற்றுக்கொண்ட அன்று எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். கையில் ஏதோ ஒரு வித்தை வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் எங்களை ஓர் ஏரி உள்வாய்க்கு, அதாவது கரைக்கு உள்பக்கம் தண்ணீர் நிற்கிற தரைக்கு, அழைத்துப் போனார். பங்குனி மாதம், தண்ணீர் வற்றி, உள்வாய் முழுக்க வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. பாடப் புத்தகம் சீமைக்கருவேலம் என்று சொல்லும். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. கரையிலிருந்து ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "இதுக்குள்ள பத்துப் பொருள் வெச்சிருக்கேன். நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார்.

வரிசையாக நின்று நடந்தோம். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் நடந்தோம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து எண்ணிப் பார்த்தால் நான்கு பொருள்தான் தேறியது. சார் எதுவும் சொல்லவில்லை. அதே வழியில் திரும்பி நடக்கச் சொன்னார். போகும்போது என் வலது காலுக்கு இரண்டடி தள்ளிக் கிடந்த ஒற்றை ரப்பர் செருப்பு, வரும்போது பளிச்சென்று தெரிந்தது. போகும்போது அது ஒரு புதரின் பின்பக்கம் இருந்தது, அவ்வளவுதான். பழுப்பு நிறத் துண்டு ஒன்று காய்ந்த சருகோடு சருகாகக் கிடந்ததை மூன்று பேர் தாண்டிப் போயிருந்தோம். வெற்றிலைப் பை, பீடிக் கட்டு, கண்ணாடிக் கூடு என்று மற்றதும் இப்படித்தான். செருப்போடு சேர்த்து, திரும்பி நடந்ததில் மூன்று கிடைத்தன. மீதி மூன்றை அவரே போய் எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஒரு பழுப்புச் சட்டையை முள்ளில் மாட்டிவிட்டு, அது கண்ணிலிருந்து மறைகிறவரை பின்னால் நடக்கச் சொன்னார். வெட்டவெளியில் வெகுதூரம் தெரிந்த சட்டை, வேலிகாத்தானுக்குள் ஐந்தாறு தப்படியில் காணாமல் போனது. அந்தத் தூரத்தை வைத்துத்தான் வரிசையில் ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று முடிவு செய்ய வேண்டும். ஆரஞ்சுச் சட்டைக்கு ஒரு கணக்கு, அழுக்கு வேட்டிக்கு வேறு கணக்கு, காலைக்கு ஒன்று, டார்ச் வெளிச்சத்துக்கு ஒன்று. நடக்கும்போது சில தப்படிக்கு ஒருமுறை நின்று பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். தடயம் கண்ணில் பட்டால் கையில் எடுக்கக் கூடாது. பக்கத்துச் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, குரல் கொடுத்து, வரிசை முழுவதையும் நிறுத்த வேண்டும். காலடித் தடம் பார்க்க உச்சி வெயில் உதவாது. வெயில் சாய்ந்து விழும்போதுதான் தடத்தின் விளிம்பில் நிழல் விழும். ராத்திரியில் டார்ச்சைத் தலைக்கு மேல் பிடிக்காமல் முழங்காலுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் அதே நிழல் கிடைக்கும். இதெல்லாம் பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் யாராவது சொல்லித் தராமல் தானாக வருவதுமில்லை.

ஒரு கணக்கு டீச்சருக்குப் பிடித்த பகுதி

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெர்னார்ட் கூப்மன் என்ற கணித அறிஞரும் கூட வேலை பார்த்தவர்களும், எதிரி நீர்மூழ்கிகளைக் கடலில் எப்படித் தேடுவது என்று அமெரிக்கக் கடற்படைக்காகப் போட்ட கணக்கு அது. பிறகு காட்டிலும் மலையிலும் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அரக்கோணத்தில் இருக்கிற ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறக்கிற பி-8ஐ விமானங்களுக்கும் நீர்மூழ்கி தேடுவது ஒரு முக்கியமான வேலை. அவை எங்கள் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரி உள்வாய் நினைவுக்கு வரும்.

கணக்கு இதுதான். ஆள் இந்த இடத்தில் இருப்பதற்கான வாய்ப்பு ஒன்று. அங்கே இருந்தால் நம் கண்ணில் படுவதற்கான வாய்ப்பு இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் நாம் கண்டுபிடிக்கிற வாய்ப்பு. ஒரு முட்புதர்க் காட்டில் அவர் இருக்க 40 சதவீதம் வாய்ப்பு என்றும், மற்ற நான்கு இடங்களுக்குத் தலா 15 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். முட்காட்டை ஒருமுறை நடந்து பார்த்தோம், கண்ணில் பட பாதிக்குப் பாதி வாய்ப்பு, கிடைக்கவில்லை. இப்போது முட்காட்டின் வாய்ப்பு பூஜ்ஜியமாகிவிடாது. 25 ஆகக் குறையும். மற்றவை ஒவ்வொன்றும் 18.75 ஆக ஏறும். அதாவது பார்த்து முடித்த பிறகும், ஆள் இருக்க அதிக வாய்ப்புள்ள இடம் அதே முட்காடுதான். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது நாணயத்தையும் பகடையையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு இந்தக் கணக்கைப் போர்டில் எழுதுவேன். பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

திண்ணையில் நடந்த விசாரணை

அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். எழுபதைத் தாண்டிய பெரியவர், கொஞ்ச நாளாக நினைவு தப்பிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் வீட்டில் இல்லை என்று தெரிந்திருக்கிறது. எங்களுக்குப் போன் வரும்போது இருட்டி வெகுநேரம் ஆகிவிட்டது. போலீசுக்குச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு நாள் பொறுத்துத்தான் கம்ப்ளெய்ன்ட் எடுப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. 112க்கு உடனே கூப்பிடலாம். குழந்தை காணாமல் போனால் உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போன் போட்டதும் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. நேரிலேயே வந்தார். நாங்கள் செய்ததெல்லாம் அவர் தலைமையில்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்க ஆள். பைக்குகள் எல்லாத் திசைக்கும் போய் வந்துகொண்டிருந்தன. வாட்ஸ்அப்பில் போட்டோ பள்ளிகொண்டாவரை போய்விட்டது. சார் நேராக வீட்டுத் திண்ணைக்குப் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பிரித்தார். எந்தக் காலில் வலி, எந்தக் கை பழக்கம், செருப்பு போட்டுக்கொண்டு போனாரா, கடைசியாகப் பார்த்தது யார், வாசலில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்புவார், எதற்குப் பயப்படுவார். அது நீண்டுகொண்டே போனது. கூட்டத்தில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், பெருசு எங்க கெடக்குதோன்னு ஊரே அலையுது, நீங்க இங்க குந்திகினு கதை கேட்டுகினு கீறீங்க?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கே அந்த நேரம் கால் தரையில் நிற்கவில்லை.

சார் அடுத்து, "கூப்பிட்டா பதில் சொல்வாராம்மா?" என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காது மந்தம் சார். அதனால வீட்ல எல்லாரும் கத்தித்தான் பேசறோம். இப்பல்லாம் யாராச்சும் சத்தமா கூப்பிட்டா, திட்டறாங்கன்னு நெனச்சுகினு வாயே தெறக்காம ஒக்காந்துக்குவார்" என்றார்.

அந்த இரவு மாறியது அந்த இடத்தில்தான். மாலையிலிருந்து ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. கத்தக் கத்த அவர் இன்னும் ஒடுங்கிப்போய் இருப்பார். பதில் வரவில்லை என்பதால் அங்கே இல்லை என்று தள்ளிய இடம் ஒவ்வொன்றும் திரும்ப நோட்டுக்குள் வந்தது. பின்பக்கம் இருக்கிற ஏரி உள்வாயை யார் பார்த்தது என்று சார் கேட்டார். ஒரு பையன் முன்னால் வந்தான். கரைமேல் நின்று போன் லைட் அடித்து, "தாத்தா, தாத்தா"ன்னு கூப்பிட்டுப் பார்த்தோம் என்றான். என் மனதுக்குள் கணக்கு ஓடியது. இப்படிப் பார்த்ததில் கண்ணில் பட பத்து சதவீதம்கூட வாய்ப்பில்லை. முன்பு அந்த இடத்துக்கு 40 என்று வைத்திருந்தால், இப்போதும் முப்பத்தேழுக்கு மேல். ஏறக்குறைய யாருமே பார்க்காத இடம் அது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் தேடல் குழுக்கள் பல்லாயிரம் சம்பவங்களைத் தொகுத்து, யார் எப்படிக் காணாமல் போகிறார்கள் என்று பார்த்திருக்கின்றன. நினைவு தப்பியவர்கள் பெரும்பாலும் எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்கிறவரை நேராக நடந்துகொண்டே இருப்பார்கள். உதவி கேட்டுக் குரல் கொடுப்பதும் அரிது, நம் குரலுக்குப் பதில் தருவதும் அரிது. சின்னக் குழந்தைகளும் பல நேரம் பதில் சொல்வதில்லை. ஒளிந்திருக்கும், இல்லை தூங்கிப்போயிருக்கும். பயிற்சியில் இதை நாங்கள் படித்திருந்தோம். ஆனால் இந்த மனிதர் ஏன் பதில் சொல்ல மாட்டார் என்பதை அந்த அம்மா ஒருவரால்தான் சொல்ல முடிந்தது.

ஊர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வரிசை கட்டினோம். மூன்று தப்படிக்கு ஓர் ஆள், கையில் கம்பு, காலில் ஷூ. யாரும் கத்தக் கூடாது. சொன்னால் எளிது, அறுபது எழுபது பேரைப் பேசாமல் மெதுவாக நடக்க வைப்பதுதான் அந்த இரவின் கஷ்டமான வேலை. இளவட்டங்கள் முன்னால் ஓடிவிடுவார்கள், வரிசை வளைந்துபோகும், நிறுத்தி நேராக்கித் திரும்ப நடக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி ஒரு கல்லூரிப் பையன் நின்று பின்னால் திரும்பினான். அவன் தாண்டி வந்த புதரின் மறுபக்கத்தில் வேட்டி முள்ளில் சிக்கி, குந்தினபடி பெரியவர் இருந்தார். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. கைகால் முழுக்கக் கீறல், உதடு வெடித்திருந்தது, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார்.

உடனே நான்கு பேர் தூக்கத் தாவினார்கள். நர்ஸ் அக்கா தடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் பேசி, கைகால் அசைகிறதா, எங்காவது எலும்பு முறிந்திருக்கிறதா, விஷக்கடி ஏதும் உண்டா என்று பார்த்தார். முழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இரண்டு மூங்கிலும் ஒரு கம்பளியும் வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டி, கரைக்குக் கொண்டுவந்து 108ல் ஏற்றினோம். மறுநாள் வெயில் வேலூரில் வழக்கமாக அடிக்கிற பங்குனி வெயில்தான். அதை அவர் தாங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கரைமேல் நின்று டார்ச் அடித்த பையனை அங்கேயே இரண்டு பேர் திட்ட ஆரம்பித்தார்கள். "இங்கதான இருந்தாரு, இன்னாடா பார்த்த நீ?" அவன் அழுதுவிட்டான். சார் அவர்களை விலக்கினார். அந்தப் பையன் பிறகு எங்கள் பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கிறான்.

நோட்டும் பென்சிலும்

மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டம் 2016-ல் வெள்ளம் அதிகம் பாதிக்கும் 30 மாவட்டங்களில் தொடங்கி, 2021-க்குப் பிறகு 350 மாவட்டங்கள், ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரிந்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்புப் பை, காப்பீடு எல்லாம் அதில் இருந்தன. நல்ல திட்டம், அந்த மாதிரி வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தன்னார்வப் பயிற்சி என்றாலே கயிறும் படகும் ஹெல்மெட்டும்தான் போட்டோவில் வருகிறது. விசாரிப்பது, எழுதி வைப்பது, வரைபடத்தில் எந்த இடம் எந்த நேரத்தில் யாரால் எப்படிப் பார்க்கப்பட்டது என்று குறிப்பது, இதெல்லாம் எந்தப் போட்டோவிலும் வராது. எங்கள் குழுவிலேயே இதில் சண்டை உண்டு. கிடைக்கிற பணத்தில் முதலில் டிரோன் வாங்கலாம் என்று ஒரு பாதி. டிரோன் உதவும், நான் மறுக்கவில்லை. வேலிகாத்தானுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவரை அது காட்டாது. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேருக்காவது விசாரிக்கவும் குறிக்கவும் வரிசை நடத்தவும் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எல்லாத் தேடலும் அந்த இரவைப்போல முடிவதில்லை. பாலாற்றில் மணல் எடுத்த பள்ளத்திலிருந்து உடலாக எடுத்த ஒரு தேடலும் உண்டு. அதைப் பற்றி விரிவாக எழுத மனமில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது, அண்ணன்காரர் கேட்டது, "முன்னாடியே அந்தப் பக்கம் பார்த்திருந்தா கெடச்சிருப்பானா?" என்று. நோட்டைத் திறந்து, எத்தனை மணிக்கு எங்கே பார்த்தோம், ஏன் அந்த வரிசையில் பார்த்தோம் என்று சார் ஒவ்வொன்றாகக் காட்டினார். அண்ணன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எழுதி வைக்காத தேடலில் இந்தக் கேள்வி அந்த வீட்டை விட்டுப் போகவே போகாது.

மலைப்பக்கம் நிலைமையே வேறு. ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லைப் பக்கமெல்லாம் பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. விசில் மூன்று முறை ஊதி, நின்று, காது கொடுத்துக் கேட்டு, திரும்ப ஊதுவதுதான் அங்கே வழி. 2023-ல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்து, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு நடந்தே மலை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ரோடு இல்லாத இடத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது எப்படி என்று மலை மக்களுக்கு நாங்கள் சொல்லித்தர எதுவும் இல்லை. டோலி கட்டி, தோள் மாற்றி மாற்றி, பாறையில் கால் வைக்கிற விதத்தை அவர்களிடமிருந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அவர்களிடம் இல்லாதது சிக்னலும் ரோடும்தான்.

இப்போது அந்த அணைக்கட்டு ஊரிலேயே பயிற்சி ஆரம்பித்திருக்கிறோம். போன தடவை சார் போனில் சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒரு சார்ட்டில் உள்வாயை வரைந்துகொண்டிருந்தார். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஓர் ஆயா நின்று பார்த்துவிட்டு, "கானாறு எங்கப்பா?" என்றார். கானாறு என்றால் மழைத் தண்ணீர் ஓடிவரும் ஓடை. படத்தில் முள் மூடிக் கிடந்ததால் அது தெரியவே இல்லை. மல்லாட்டைக் கொல்லையின் மேற்கு வரப்பிலிருந்து வளைந்து ஏரிக்குள் இறங்குகிறது என்று கம்பால் மண்ணிலேயே கோடு இழுத்துக் காட்டினார். ஆடு தப்பினால் எந்த இடத்தில் போய் மாட்டும், எங்கே முள் நெருக்கம், எங்கே பள்ளம் என்று அவர் சொல்லச் சொல்ல சார் சார்ட்டை அழித்து அழித்து வரைந்தார். அடுத்த வாரமும் வர முடியுமா ஆயா என்று கேட்டேன். "ஒம்போது மணிக்கு வெச்சீங்கன்னா நான் எப்படி வர்றது? வெயில் ஏறுறதுக்குள்ள ஆடு மேயணும்" என்றார். வரும் ஞாயிறு முதல் பயிற்சி காலை ஐந்தரைக்கு. வருகிறவர்கள் ஷூவும், தலைக்குத் துண்டும், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள்.